ராசுவின் துக்கம்

வெள்ளைக்காரர் ராசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன் வலி எனக்குத் தெரியும்" என்று அழுதுகொண்டிருந்தார். ராசு அவர் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

ராசு காளை மாடு. போன வருசம் அலங்காநல்லூர் வாடிவாசலை விட்டு வெளியே வந்ததும் எவனோ திமிலில் தொங்க, மஞ்சத்தண்ணி தெளித்த கிடா மாதிரி அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பொங்கலுக்கும் பிடிபட்டால் அடிமாட்டு வியாபாரிதான் என்று வளர்த்த ஒச்சம்மாளே சொல்லிவிட்டாள்.

அவள் மகன் முத்துக்குமரனுக்குத்தான் அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கன்றிலிருந்து அவன் கையில் தண்ணி குடித்த மாடு. கரும்பு வெட்டிவிட்டு வந்தவன், கையில் சோகை இலை கிழித்த கோடுகள் எரிய, தொழுவ வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தான்.

வெள்ளைக்காரர் யோஹான், ஹாலந்துக்காரர். கால்நடைகளின் மனக்காயத்தை ஆற்றச் சொல்லி ஏதோ ஒரு அமைப்பு அனுப்பியிருந்தது. திருப்பரங்குன்றத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்திருந்தார்.

"விளையாட்டு இவனைக் காயப்படுத்திவிட்டது, தம்பி. தழுவினால் ஆறும். நீயும் வந்து தழுவு."

"நாளெல்லாம் கரும்பு வெட்டிட்டு வாரேன். என்னைத் தழுவவே ஆளக் காணோம்."

யோஹான் இரண்டு கையாலும் திமிலை அணைத்துக் கன்னத்தை வைத்தார். ராசு ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் போய்ச் சாணிக் குவியலில் விழுந்தார்.

"பார்த்தாயா, துயரத்தை வெளியேற்றுகிறான்" என்று கண்ணாடியைத் தடவித் தேடினார்.

ஒச்சம்மாள் ஓடிவந்தாள். முதலில் ராசுவின் வாயில் பேரீச்சம்பழத்தைத் திணித்து, தாடையைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம்தான், "அடி பட்டுருச்சா சார்?" என்றாள்.

அவர் போனதும் முத்துக்குமரன் ஆரம்பித்தான். "எம்மா, இந்தாள வரவேணாம்னு சொல்லு. கொஞ்சிக் கொஞ்சியே மாட்டப் பூனைக்குட்டி ஆக்கிருவாரு. பெறகு வாடியில எவன் தொட்டாலும் நிக்கும்."

"தேடி வந்த மனுசன எப்படிடா போகச் சொல்றது? நாளைக்கும் வரட்டும்."

"ஊரே சிரிக்கிது."

"பல்லு இருக்கவன் சிரிச்சுட்டுப் போறான்."

மார்கழி முழுக்க இதே கதை. யோஹான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு இடது கையில் மாவுக்கட்டோடு வந்தார். வலது கையால் திமிலைத் தழுவி வைக்கோல்போரில் போய் விழுந்து, "இம்புட்டுத் துக்கமா இவனுக்கு" என்றார். ஊரில் அவர் கற்ற ஒரே சொல் அந்த 'இம்புட்டு'தான்.

சல்லிக்கட்டு அன்று ராசுவின் முறை வந்தபோது முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் கத்துவது மட்டும் கேட்டது. பிடிபட்டுவிட்டது என்றே நினைத்து நிமிர்ந்தான்.

திமிலில் தொங்கியவன் தென்னைநார் மெத்தையில் கிடந்தான். அடுத்தவன் பாய்ந்து பிடித்தான், அவனும் பக்கத்தில் போய் விழுந்தான். ராசு களத்தில் நின்று விளையாடியது.

"மாடு வெற்றி. ஒச்சம்மா மாடு. பீரோ வாங்கிட்டுப் போத்தா" என்றது ஒலிபெருக்கி.

மாடுகள் வெளியேறும் இடத்தில் ஒச்சம்மாள் ராசுவுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். யோஹான் தள்ளி நின்று மாவுக்கட்டால் கண்ணைத் துடைத்தார். "துயரம் தீர்ந்தது. அன்பு வென்றது."

முத்துக்குமரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எம்மா, இவரப் போயி வெரட்டச் சொன்னேனே. பாசத்தாலேயே மாட்டக் கொணப்படுத்திட்டாரு."

ஒச்சம்மாள் கயிற்றை முடிச்சுப் போட்டாள். "திமில்ல தொங்குறவன ஒதறிப் பழக்கணும், வாங்கடான்னு ஊரெல்லாம் கெஞ்சுனேன், ஒருத்தன் வரல. சாருக்குக் கூடப் பொறந்தவுக இருக்காகளான்னு கேளுடா, இன்னொரு கன்னு நிக்கிது."