எல்லாம் தூசிதான்

"இருக்கிறதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுவோ, அதை எடுங்க."

கடைவாசல் மிதியடியைத் தாண்டுவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. பள்ளி வேன் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண்மணி. பின்னால், கம்ப்யூட்டர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவள் கணவர். இயற்பியல் வாத்தியார்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் கடைக்காரர்.

"பகல் முழுக்க வேன் ஓட்டுறேன். சாயந்திரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கேம்ல ரேஸ் கார் ஓட்டலாம்னு உட்கார்ந்தா, அது வேனைவிட மெதுவாப் போகுது. திரும்புன்னா, சுவத்துல மோதின பிறகுதான் திரும்புது!"

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "மூணு மாசம் பொறுத்தா புது மாடல் வருமாம். அப்ப இதெல்லாம் விலை இறங்கும். பவர் சப்ளை தாங்குமான்னும் பார்க்கணும். பட்டியல் போட்டு வச்சிருக்கேன்."

"போன வருஷமும் இதே பட்டியல்தான் சார்! வீடியோ பார்த்துப் பார்த்து, நாலு நாள் தரையில உட்கார்ந்து இவரே மாட்டின பெட்டி இது. கரண்டைப் பத்திப் பாடம் எடுக்கிற மனுஷன்!"

பில் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரரின் தங்கை முகம் சுளித்தாள். நாலு பேர் எதிரில் புருஷனை இப்படியா?

வாத்தியார் கோபப்படவில்லை. "சரி, பொறுக்க வேண்டாம். இன்னிக்கே வாங்கிடலாம். என் டெலஸ்கோப்பை விலைக்கு எடுத்துக்க நாளைக்கு ஆள் வரார். பதினஞ்சு வருஷம் பார்த்தாச்சு, வானம் அப்படியேதான் இருக்கு."

பல்லைப் பிடுங்கிக்கொண்டு வலிக்கவில்லை என்பவரைப் போலச் சிரித்தார்.

"முதல்ல இருக்கிறதைப் பார்ப்போம்" என்று கடைக்காரர் பெட்டியைப் பின்புறமாகத் திருப்பினார்.

சரியாக அந்த நேரத்தில் அந்தப் பெண்மணி எதிர் அலமாரிக்குப் போய்விட்டாள். "ஏம்மா, இந்த கீபோர்டு ஏன் பச்சை சிவப்புன்னு எரியுது? டைப் அடிக்கவா, டான்ஸ் ஆடவா?"

கடைக்காரரின் கை நின்றது.

கார்டின் துளைகளில் மூன்று கறுப்பு ரப்பர் மூடிகள். தூசி போகாமலிருக்க, புதுக் கார்டில் போட்டு அனுப்பும் மூடிகள். கேபிளைச் சொருகுவதற்கு முன் கழற்ற வேண்டியவை. மூன்றும் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன.

அப்படியானால் மானிட்டர் கேபிள் ஒரு வருடமாகக் கார்டைத் தொடாமல் மேலே, மதர்போர்டின் சாதாரணத் துளையில் இருந்திருக்கிறது. கேம் படங்களை வேகமாக ஓட்டிக்காட்ட வேண்டிய கார்டுக்கு ஒரு நாள்கூட வேலை வரவில்லை.

வாத்தியாரும் பார்த்துவிட்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

கடைக்காரர் மூன்று மூடிகளையும் பிடுங்கி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். "தூசி!" என்றார் உரக்க. "எல்லாம் தூசிதாம்மா!"

ஊதுகுழலால் இரண்டு தடவை ஊதி, கடை மானிட்டரின் கேபிளைக் கார்டில் சொருகினார். "வீட்டுலயும் கேபிளைக் கீழே இருக்கிற துளையில மாட்டுங்க சார். மேலே இருக்கிறது லூஸாயிடுச்சு."

அவள் ஓட்டிப் பார்த்தாள். கார் பறந்தது.

"ஐயோ! ரோட்டுல மழைத் தண்ணி தெரியுது! முன்னாடி போறவன் கண்ணாடியில என் காரே தெரியுதுங்க!" சின்னப் பெண் போல நாற்காலியிலேயே குதித்தாள். "அப்ப புதுக் கார்டு?"

"தேவையே இல்லை. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"அந்த டெலஸ்கோப் ஆளை வர வேண்டாம்னு இப்பவே சொல்லுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள். "மாடியில அது இருந்தாத்தான் எனக்கு நிம்மதி. இல்லன்னா கீழே உட்கார்ந்து பட்டியல் போடுவீங்க."

அவள் வண்டியை எடுக்கப் போனதும் வாத்தியார் கிசுகிசுத்தார். "ரொம்ப நன்றிங்க. தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

"எதுக்கு சார் நன்றி? தூசிதானே!"

அவர்கள் போனதும் தங்கை பொரிந்தாள். "பாவம்ண்ணே அந்த மனுஷன். அந்த வாய்கிட்ட மாட்டிக்கிட்டு! வியாபாரம் போனாப் போகட்டும், நீயாவது அவர் மானத்தைக் காப்பாத்தினே."

"நான் எங்கே காப்பாத்தினேன்?"

கடைக்காரர் போனை எடுத்து, காலையில் வந்திருந்த குரல்பதிவைப் போட்டார். அதே குரல்தான். ஆனால் பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல அவ்வளவு மெதுவாக.

"சார், சாயந்திரம் ஒரு பெட்டியோட வருவோம். நேத்துப் பெருக்கும்போது பார்த்தேன், கார்டுல மூடியே கழட்டலை. கேபிளை நானே மாத்திடுவேன். ஆனா திடீர்னு எப்படிச் சரியாச்சுன்னு ஆராய்ச்சி பண்ணி, தன் தப்புன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவார். எனக்காக டெலஸ்கோப்பை வேற விக்கப் போறார். நீங்க தூசின்னு சொல்லிடுங்க. நான் அங்கே வந்து கத்துவேன், தப்பா எடுத்துக்காதீங்க. கத்தலைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்."