செலினம்மாள் கண்ட முகம்

தன் கணவரைக் குத்திக் கொன்றது மகன் ஜெரால்டுதான் என்று இருபத்தொரு வருடங்களுக்கு முன் செலினம்மாள் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். கண்ணால் பார்த்ததாகவே நம்பிச் சொன்னாள். போன மாதம் நினைவுப் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஞாபகத்தை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். அன்று அவள் பார்த்தது ஓடிப்போன ஒருவனின் முதுகை மட்டும்தான். காவல் நிலையத்தில் ஜெரால்டின் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியதில் அவன் முகம் அந்த ஞாபகத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

விடுதலையாகித் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தவனுக்கு அவள் மீன்குழம்பு வைத்தாள். அவன் சோற்றைப் பிசையக் கை நீட்டியதும் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"இப்பவும் நான்தான் தெரியுதேனாம்மா?"

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்யா. ஆனா கண்ண மூடுனா நீதான் கத்தியோட நிக்க."

"அந்த ஞாபகத்த எடுத்துறச் சொல்லலாம்லா?"

"கேட்டேன். எடுத்தா, அன்னைக்கு அப்பா எங்கிட்ட கடைசியா பேசுன பேச்சும் சேந்து போயிருமாம்."

ஜெரால்டு சோற்றைப் பிசைந்தான். "அப்ப இருக்கட்டும்மா," என்றான். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். "ஹார்பர் பக்கம் ரூம் பாத்துக்கிடுதேன்."

இங்கேயே இரு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டாள். போட்ட பிறகுதான் அழுதாள்.