போன வாரத்துக் கையெழுத்து

ஆஸ்பத்திரிச் சமையலறை ஜன்னல் வெயிலில் கோழி இறைச்சி பச்சை பூத்து மினுங்குகிறது. நாற்றம் வாசல்வரை வருகிறது. தலைமைச் சமையல்காரர் அதில் வினிகரை ஊற்றிப் பிசைந்தபடியே, தரம் பார்த்துக் கையெழுத்திடும் அக்காவிடம் முழங்கையால் பதிவேட்டைத் தள்ளுகிறார். அங்கே சர்ச்சுக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான்.

“போடுங்கக்கா. ஜெபம் பண்ற கை, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்குங்க. எங்களுக்கு அந்த வசதிகூட இல்ல.”

சுற்றி நிற்கும் சமையலாட்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். இறைச்சியைவிட அந்தச் சிரிப்பு அவளுக்குக் குமட்டுகிறது; அதைவிட, பதிவேட்டில் ‘நல்லது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அழகாகச் சாய்ந்திருக்கும் போன வாரத்துத் தன் கையெழுத்து. அன்றும் இதே நாற்றம்தான்.

குனிந்து, தரை துடைக்கிற ஃபினாயிலை எடுத்து இறைச்சியின்மேல் கவிழ்க்கிறாள். அது பால்போல் வெளுத்துப் பரவுகிறது. சிரிப்பு நிற்கிறது.

“பேனாவக் குடுங்க.”

‘கெட்டது’ என்று எழுதுகிறாள். பிறகு போன வாரத்து ‘நல்லது’மீது கோடிழுத்து, அங்கேயும் அதையே எழுதுகிறாள்.