மேல்மாடியில் நத்தார்

கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நஸ்லியா மேல்மாடி அறைக்குள் கையை விட்டாள். கட்டில் சாய்ந்தது. கூடவே நத்தார் பாப்பாவும் குப்புற விழுந்தார்.

"உம்மா, மூச்ச விடாதீங்க! தாடி பறக்குது!"

சுஹறா மூச்சை அடக்கிக்கொண்டு மேசையை விட்டு விலகினாள். மருதமுனையில் கலியாண வயதில் பிள்ளை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் வராத சோதனை தனக்கு மட்டும் வந்திருப்பதாக அவளுக்குப் பட்டது.

அறுகம்பேயில் விடுதி நடத்தும் வெள்ளைக்காரி ஒருத்தி, தன் மகளுக்கு ஒரு பொம்மை வீடு கேட்டிருந்தாள். அதுவும் கிறிஸ்மஸ் மரமும் தாடிப் பாப்பாவும் வைத்த நத்தார் அலங்காரத்தோடு. நஸ்லியா போத்தல் கழுவும் பிரஷ்ஷை வெட்டிப் பச்சை பூசி மரமாக்கினாள், தறியில் மிஞ்சிய நூலைத் திரித்துத் தோரணம் கட்டினாள். டொபித் தாள் சுற்றிய பரிசுப் பெட்டிகளில் ஒன்று உம்மாவின் தும்மலோடு பறந்துபோய் இன்னும் கிடைக்கவில்லை.

விருந்து மேசையில் என்ன வைப்பதென்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. நத்தார் விருந்துக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் புரியாணி இருப்பதுபோல் களிமண்ணில் செய்து நடுவில் வைத்துவிட்டாள்.

நிஜ வீட்டின் கதை வேறு. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தக் கரையில் கலியாணம் நடக்காது. வாப்பா காலிதீன் கட்டாரில் ஆறு வருடம் உழைத்தும், அந்த வீடு வளவுக்குள் அத்திவாரமாகவே கிடந்தது. பக்கத்து வீட்டு ஆடுகள் அதில் குடியேறிவிட்டன. அதைப் பார்த்துவிட்டு மூன்று சம்பந்தம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

நாலாவது, ஒலுவிலில் இருந்து வந்த பஸால். படத்தில் அவன் சிரித்த சிரிப்பு நஸ்லியாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இதுவும் போய்விடக்கூடாதே என்று ஐந்து வேளையும் துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கை முழுக்கப் பசையாக இருந்த நேரம் ஃபோன் அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஊடு எந்த மட்டில இரிக்கி?" என்றது ஓர் ஆண் குரல்.

விடுதி மனேஜர் இரண்டு நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு மாடியும் முடிஞ்சி. ஓடு போட்டாச்சு, யன்னல் பூட்டியாச்சு. டிசம்பர் இருபதுக்குள்ள கையில தாரன்."

"மாஷா அல்லாஹ்!" என்று கத்திவிட்டுக் குரல் ஃபோனை வைத்தது. ஒரு பொம்மை வீட்டுக்கு மனேஜர் இவ்வளவு சந்தோசப்படுவாரா என்று நஸ்லியா அதிசயித்தாள்.

அது மனேஜர் இல்லை, கலியாணத் தரகர் மீராசாஹிபு என்பது வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தெரிந்தது. பஸாலின் தாய் றாபியாவைக் கூட்டிக்கொண்டு அவர் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளைக்குக் கம்பஸில உத்தியோகம்," என்று தேத்தண்ணி வருமுன்னே தொடங்கினார். "அதுக்கு மேல ரெண்டு போட். புத்தம் புதுசு, இன்னும் உப்புத் தண்ணி படல்ல. மாப்பிள்ளையே ஃபோன்ல சொன்ன."

"ஏன் இன்னும் கடல்ல இறக்கல்ல?" என்று சுஹறா றாபியாவைக் கேட்டாள்.

"மாரிக் கடல் அடங்கட்டும் எண்டுதானே!" அதற்கும் மீராசாஹிபுவே பதில் சொன்னார். றாபியா அதற்குள் வந்த தேத்தண்ணியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.

"சரி, இனி மாடியப் பார்ப்பம்," என்று தரகர் எழுந்தார்.

"எந்த மாடிய?"

"மகள் சொன்ன மாடிய. ஓடு போட்டு யன்னலும் பூட்டியாச்சாமே! இவங்களுக்கும் சொல்லிட்டன்."

நஸ்லியாவுக்கு அந்த ஃபோன் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அந்தச் சாமர்த்தியம் அவளிடம் இல்லை. உள்ளே போய் வீட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து றாபியாவின் முன்னால் வைத்தாள்.

"இதான் மாமி அந்த ஊடு. ஃபோன்ல விடுதிக்காரர் எண்டு நினைச்சிக் கதைச்சிட்டன். எங்கட ஊடு இன்னும் அத்திவாரத்திலதான் நிக்கிது."

நேரம் காலம் தெரியாமல் அந்தக் குட்டி மரத்தில் சுற்றியிருந்த பட்டறி விளக்குகள் மின்னத் தொடங்கின. சுஹறா முக்காட்டு நுனியால் நத்தார் பாப்பாவை மூடப் பார்த்தாள். தாடி வெளியே தெரிந்தது. மீராசாஹிபு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

றாபியா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலுக்குள் குனிந்தார்.

"இதென்ன, சஹனா?"

"ஓம் மாமி. புரியாணி."

"இவ்வளவு சின்னச் சாமானெல்லாம் எதால தூக்கி வெக்கிற?"

"புருவம் எடுக்கிற சாவணத்தால."

"அது கட்டை. நீளச் சாவணம் எண்டாத்தான் உள்ளுக்குப் போகும்," என்றார் றாபியா.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். முகம் சிவந்திருந்தது. எழுந்து போய்விடப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரோ மீராசாஹிபுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுஹறாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறை நினைக்காதீங்க புள்ள. மகன் செஞ்ச ரெண்டு போட்டும் சர்பத் போத்தலுக்குள்ளதான் இரிக்கி."