முகூர்த்தக் குட்டி

டாக்டர் நாச்சம்மையின் ஊசி வந்த பிறகு, பெண் குதிரைகளுக்குப் பருவகாலம் என்ற பழக்கமே போய்விட்டது. சொன்ன மாதத்தில் சினைப்பட்டு, சொன்ன நாழிகையில் ஈன்றன. முதலாளிகள் சொன்னதெல்லாம் சுபமுகூர்த்தம்தான். ஆகவே ஓசூர்ப் பண்ணையில் குதிரைகளுக்குப் பிரசவம் பார்க்கும் மருதாசலத்தால் எந்தக் கல்யாணத்துக்கும் போக முடிவதில்லை. இப்போது தன் கல்யாணத்துக்கே போக முடியாது போலிருந்தது.

"ஆடியில வச்சுக்கலாமா?" என்று பூங்கோதையிடம் போனில் கேட்டான்.

"எங்கப்பா உங்களக் கொன்னுபோடுவாரு மாமா. குதிரையக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்க."

"அது நேரம் தவறாது புள்ள." பெருமையாகத்தான் சொன்னான். "குட்டிக்கு மேளம், ஐயரு, பந்தி எல்லாம் முதலாளி சொல்லியாச்சு."

"அப்புறம் நமக்கு எதுக்குத் தனியா மண்டபம்?"

முகூர்த்தத்தன்று பூங்கோதை பட்டுப்புடவையோடு லாயத்துக்கு வந்து வைக்கோலில் அமர்ந்தாள். குட்டியின் முன்னங்கால்கள் தெரிந்தன. அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "குதிரைன்னா இதுதான்யா குதிரை" என்றார். குட்டி வெளியே வந்ததும் முதலாளி கையசைக்க, கெட்டிமேளம் கொட்டியது. மருதாசலம் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு, மேளம் ஓய்வதற்குள் மூன்று முடிச்சும் போட்டுவிட்டான்.

அட்சதையில் பாதி, ஈரக் குட்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டது.