ராஜாளியின் நகத்தில் நூல்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் புகைப்படக் குழுவின் அறையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். குழுவின் செயலாளர் சுகிர்தா, ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் விமல், இம்மானுவேல், விமலின் அப்பா துளசிராமன். வாசலில் நின்று கேட்டதாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் டீக்கடையில் கேட்டவர்கள்.

சுகிர்தா கணினித் திரையில் இம்மானுவேல் எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். சிறகை விரித்துத் திரும்பும் ராஜாளி. நகத்தில் ஒரு கோழிக்குஞ்சு. குஞ்சின் காலிலிருந்து நீல நூல் ஒன்று காற்றில் நீண்டு கிடந்தது.

"நல்லா பாத்துக்கோங்க மேடம்," என்றான் விமல். "மொத பரிசு வாங்கின படம். இரை கட்டிவெச்சு புடிச்ச படம்!"

"எந்தக் குஞ்சு எந்த ஊட்டுதுன்னு தெரிய காலுல நூலு கட்டுவாங்க. உனக்குத் தெரியாதா?" என்றான் இம்மானுவேல்.

"அதுக்கு அரை ஜாண் போதும்டா. இது ரெண்டு முழம் இருக்குது. நுனியில குச்சி தொங்குது பாரு. மண்ணுல அடிச்ச குச்சியையும் சேத்துப் புடுங்கிகினு பறந்துகீது."

சுகிர்தா உற்றுப் பார்த்தார். குச்சி இருந்தது.

இரை கட்டியவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவது விதி. முதல் பரிசுப் படம் வரும் வருடக் காலண்டரின் அட்டையில், எடுத்தவர் பெயரோடும் தகப்பன் பெயரோடும் அச்சாகும். தொழிற்பேட்டையில் எல்லாக் கம்பெனி வாசலிலும் தொங்கும். விமல் எடுத்த செம்பருந்துக்கு இரண்டாம் பரிசு. அதற்கு உள்ளே செப்டம்பர் மாதப் பக்கம்.

பரிசு அறிவித்ததிலிருந்து பத்து நாளாக அந்த செப்டம்பர் பக்கம் விமலைத் தூங்க விடவில்லை. துளசிராமனுக்கோ சோறே இறங்கவில்லை. இம்மானுவேலின் அம்மா கன்னியம்மா அவர் கழனியில் நாற்று நட்டவள். அவள் மகன் அட்டையில், தன் மகன் உள்ளே.

"எங்க நைனா வாங்கிக் குடுத்த லென்ஸ் ஒரு முழம் மேடம். அதுல வராத படம் இவன் ஓட்டை கேமராவுல வருதாம்!"

"ஓட்டைதான். எங்கம்மா பொடவக் கிழிசல்தான் அதுக்கு பெல்ட்டு. பறவைக்கு அதெல்லாம் தெரியல, இன்னா பண்றது?"

"பறவைக்குக் கோழிக்குஞ்சுதான் தெரியும்!"

"சண்டை வேணாம்," என்றார் சுகிர்தா. "அன்னிக்கு இன்னா நடந்துச்சு? அத சொல்லுங்க."

படம் எடுத்த அன்று ஏரிக்கரையில் இருந்ததும் இந்த மூன்று ஆண்கள்தான். நாஷ்டா என்று சொல்லி ஒரு மூடிய பையோடு துளசிராமன் மகனுடன் வந்தார். வெளிச்சம் முதுகில் விழும்படி அவனை ஒரு மேட்டில் நிற்கவைத்துவிட்டு, வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் ஒதுங்கப் போனார். சற்றுத் தள்ளி இம்மானுவேல் ஏற்கெனவே குப்புறப் படுத்திருந்தான்.

ஏழரை மணிக்கு ராஜாளி இறங்கியது. குஞ்சோடு எழுந்து நேராக விமலை நோக்கி வந்தது, கடைசி நொடியில் காற்றுக்கு வளைந்து இம்மானுவேலின் தலைக்கு மேலே போனது. விமலின் கேமராவில் விழுந்தது வால் மட்டும்.

"அஞ்சு மணியிலர்ந்து ஒரு வாய் துன்னாம நின்னேன் மேடம். எனக்கு முன்னாடியே வந்து படுத்துகினு இருக்கான். அப்பவே கட்டியிருப்பான்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"எங்க நைனா பாத்தாரு. ஊரே பேசிக்குது."

ஊர் பேசியது உண்மை. பத்து நாளாக டீக்கடையில் துளசிராமனைச் சூழ்ந்து, "கன்னியம்மா புள்ளதான கட்னான்?" என்று கேட்டார்கள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"ஐயா, நீங்க சொல்லுங்க."

"குஞ்ச கட்டி வெச்சது நெசந்தாம்மா. கிட்டத்துலர்ந்து பாத்தேன்," என்றார் துளசிராமன்.

சுகிர்தா ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்: 'இம்மானுவேல் ஏரிக்கரையில் கோழிக்குஞ்சைக் கட்டிவைத்ததை நான் நேரில் பார்த்தேன்.' தாளையும் பேனாவையும் பெரியவர் முன்னால் நகர்த்தினார்.

"போடுங்க நைனா," என்றான் விமல். "அட்டையில என் பேரோட உங்க பேரும் வரும்."

துளசிராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று தலைமுறையாக அந்த ஊரின் வரப்புத் தகராறுகள் அவர் குடும்பத்துக் கையெழுத்தில்தான் முடிந்திருக்கின்றன. அந்தக் கையெழுத்தை மறுத்து இதுவரை ஒருவரும் பேசியதில்லை.

சுகிர்தா இம்மானுவேலைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

இம்மானுவேல் எழுந்தான். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நான் கட்டல மேடம். ஆனா பெரியவரு கையெழுத்து போட்டார்னா நான் இன்னா சொல்லியும் பிரயோஜனம் இல்ல. எங்கம்மாவே என்னை நம்பாது. அவரு பொய்யில கை வெக்க மாட்டார்னு சொல்லும்."

பேனா தாளைத் தொட்டது. 'து' என்று எழுதினார் துளசிராமன். அதற்கு மேல் கை நகரவில்லை.

"போடுங்க நைனா, இன்னா யோசன?"

அவர் பேனாவை மூடி வைத்தார். தாளை நான்காகக் கிழித்து மேஜை மேல் போட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, முதுகு வளையாமல் எழுந்து நின்றார். மகனின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"டீக்கடைல பேசறது தப்பும்மா," என்றார். "அவன் கட்டல. நான் கட்னேன்."