கட்டையில் இருந்த முத்திரை

“உப்புத்தாள் போட்டா தேய்ச்ச?”

வெண்டல் மூன்றாவது முறையாகக் கேட்டார். மடியில் கிடந்த பழைய ராணுவ ரைஃபிளின் மரக்கட்டை புது மேசை மாதிரி பளபளத்தது.

“முதல்ல முரட்டுத் தாள், அப்புறம் மெல்லிசுத் தாள். மேல ரெண்டு கை வார்னிஷ்,” என்றாள் அவர் மனைவி மார்லீன். “நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்காம். உலக யுத்தத்துல அடிபட்டு வந்த துப்பாக்கிடீ இது. அந்தக் கீறல், அந்தக் கறை, அதுக்குத்தான் மதிப்பு. அதையெல்லாம் விடு. இடப் பக்கம் சதுரத்துக்குள்ள நாலு எழுத்து இருந்துச்சே, அது எங்க?”

“ஏதோ லேசா பதிஞ்சிருந்துச்சு. தேய்க்கத் தேய்க்கப் போயிடுச்சு.”

வெண்டல் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். “அது ஆயுதச் சாலையில அதிகாரி சோதிச்சு அடிச்ச முத்திரை. அது இருந்தா இது சரித்திரம். இல்லேன்னா வெறும் விறகு.”

“எனக்கு என்ன தெரியும்? நேத்து கிறிஸ்துமஸ் பெட்டியை எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன். அப்பதான் தோணுச்சு.”

“பதினேழு துப்பாக்கி வச்சிருக்கேன். இது ஒண்ணுதான் உன் கண்ணுல பட்டுதா?”

“இதுலதான் அழுக்கு இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போனாள். நன்றி நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை எப்படியாவது இன்றோடு தீர்த்தாக வேண்டும்.

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு எம்மெட் வருவதாகச் சொல்லியிருந்தார். துப்பாக்கிச் சங்கத்தில் இருவரும் முப்பது வருடங்களாக அடுத்தடுத்துப் படுத்துச் சுடுகிறவர்கள். எம்மெட்டின் அப்பா பசிபிக் தீவு ஒன்றின் போர்க்களத்திலிருந்து ஒரு ஜப்பானிய ரைஃபிளைக் கொண்டுவந்திருந்தார். அதன் மேல் ஜப்பான் பேரரசரின் சின்னமான சாமந்திப் பூ அழியாமல் அப்படியே இருந்தது. சரணடைந்து ஒப்படைத்த துப்பாக்கிகளில் அந்தப் பூவை அராவி எடுத்துவிடுவார்கள். பூவோடு ஒன்று கிடைக்க வேண்டும் என்று வெண்டல் இருபது வருடங்களாக ஏங்கிக்கொண்டிருந்தார். போன மாதம்தான் எம்மெட் இந்த ரைஃபிளுக்கு அதை மாற்றிக்கொள்ள இறங்கி வந்திருந்தார். உலக யுத்த நினைவாக டிசம்பர் ஏழாம் தேதி நடக்கும் போட்டியில், அப்பா தோளில் சுமந்தது மாதிரியே ஒரு துப்பாக்கியால் அவர் சுட வேண்டும்; வெண்டலுடையது அதே ரகம். ஆனால் அசல் முத்திரை இருந்தால்தான் மாற்றிக்கொள்வார்.

வாசலில் பிக்கப் வண்டி நின்றது. எம்மெட் ராணுவக் கம்பளியில் சுற்றிய நீளப் பொட்டலத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அடடே, வாசனை தூக்குதே. வான்கோழியா?”

“அஞ்சு நாளா அதேதான்,” என்றாள் மார்லீன். “உட்காரு எம்மெட்.”

எம்மெட் உட்காரவில்லை. வெண்டல் நீட்டிய ரைஃபிளை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டையின் இடப் பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

“வெண்டல், இங்க எதுவும் இல்லையே.”

“இவகிட்ட கேளு. சமையல்கட்டு அலமாரின்னு நினைச்சுத் தேய்ச்சுட்டா. ஆனா போன மாசம் நீயே கண்ணால பார்த்த இல்லையா? போட்டோகூட இருக்கு.”

“பார்த்தேன்ப்பா. உன்னை நான் சந்தேகப்படுவேனா? நீ சொன்னா போதும், அது அசல்தான்.” எம்மெட் துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்தார். “ஆனா எங்கப்பா விரல் பட்ட மாதிரி ஒரு இடத்துல என் விரலும் படணும்னு நினைச்சேன். அதுவே போயிடுச்சுன்னா, அவரோடதைக் கொடுக்க எனக்கு மனசு வரலை.”

“எம்மெட், கொஞ்சம் யோசிச்சுப் பாரு. துப்பாக்கி அதேதானே?”

“யோசிச்சுட்டேன். மார்லீன் மேல கோவப்படாதே. ஆசையாத்தானே பண்ணியிருக்கா.”

மார்லீன் இரண்டு ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். எம்மெட் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பளிப் பொட்டலத்தோடு வண்டிக்குத் திரும்பினார். அதை முன் இருக்கையில் படுக்க வைத்து பெல்ட்டையும் மாட்டினார்.

வண்டிச் சத்தம் தேய்ந்தது. வெண்டல் வெடித்தார்.

“திருப்தியா? இருபது வருஷம் காத்திருந்தேன். சாமந்திப் பூ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகுது. இனிமே உன் கை என் சாமான் பக்கமே வரக் கூடாது.”

“சரி.”

“சரியாம். முப்பத்தெட்டு வருஷமா துப்பாக்கிக்காரன்கூடக் குடித்தனம் பண்ற. முத்திரைன்னா என்னன்னு இன்னைக்கு வரைக்கும் உனக்குப் புரிஞ்சிருக்கா?”

மார்லீன் மூலையில் இருந்த கிறிஸ்துமஸ் பெட்டியைத் திறந்தாள். ஜரிகைகளையும் கண்ணாடி உருண்டைகளையும் தேவதை பொம்மையையும் எடுத்து வெளியே வைத்தாள். அடியில் கையை விட்டு எதையோ எடுத்து, பளபளக்கும் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். சதுரத்துக்குள் நாலு எழுத்துகளை இடம் வலமாக மாற்றி வெட்டிய புத்தம் புது இரும்பு அச்சு அது.

“புரிஞ்சிருக்கு வெண்டல். அடுத்த தடவை நீயே முத்திரை அடிச்சா, இதைக் கொண்டுபோய் என் தேவதை பொம்மைக்கு அடியில ஒளிச்சு வைக்காதே.”